கடிகாரம் பின்னால் நிற்கும்போது

அடுப்பு வரிசையில் மொர்ஷெதாவின் சட்டி கோஹினூரின் சட்டிக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனாலும் அவள் குழம்புதான் முதலில் கொதித்தது. முன்னால் நின்ற பியாரா தன் முறையை அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"நீ வையுடி. தலை வலிக்குதுன்னியே," என்றாள் பியாரா.

கோஹினூருக்கும் தலை வலித்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய பந்தர்டிலாவின் அந்தச் சந்தில் பத்து அறைகளுக்கும் சேர்த்து இரண்டே அடுப்பு. காலையில் கேஸ் மெலிந்து நகக்கண் அளவுக்குத்தான் எரியும். அதற்குள் சமைத்து, டிபன் கட்டி, சங்கு ஊதுமுன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். அங்கே அடுப்பு முறையை விட்டுக்கொடுப்பது சொத்தை எழுதிக் கொடுப்பதற்குச் சமம். கோஹினூருக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

மொர்ஷெதாவை அந்தச் சந்துக்குக் கொண்டுவந்ததே அவள்தான். சந்தீப் தீவில் மொர்ஷெதாவின் வீட்டைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒரு துணி மூட்டையோடு படகிலிருந்து இறங்கியவளைக் கம்பெனி கேட்டில் நிறுத்தி "என் தங்கச்சி" என்று சொன்னது கோஹினூர். பாபின் மாட்டச் சொல்லிக்கொடுத்தது கோஹினூர். ஊசி விரலில் ஏறியபோது கட்டுப் போட்டு, அழாதேடி என்று அதட்டியதும் கோஹினூர். இப்போது இருவரும் ஐந்தாம் லைனில் அடுத்தடுத்த மிஷின்களில் சட்டைக்குக் காலர் வைக்கிறார்கள்.

லைனிலேயே கடினமான வேலை அதுதான். கழுத்து வளைவில் துணி ஒரு நூல் இழுத்தாலும் சட்டை கோணிக்கொள்ளும். செக்கிங் பெண்கள் 'ஆல்டர்' என்று திருப்பி எறிவார்கள். மொர்ஷெதாவின் பீஸ் திரும்பி வந்ததே இல்லை. கோஹினூருடையதும் அநேகமாக வந்ததில்லை. அந்த 'அநேகமாக'தான் உறுத்தியது.

அன்று சாயங்காலம் கோஹினூரின் கணவன் அக்காஸ் துறைமுகத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். கப்பலில் கண்டெய்னர்கள் சரியாமல் இரும்புத் தண்டு மாட்டி இறுக்குவது அவன் வேலை. கையைக் கழுவினாலும் துருவின் வாடை போகாது. தட்டில் இருந்த கருவாட்டுத் துவையலை ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான்.

"இது மொர்ஷெதா குடுத்ததா?"

"ஏன்?"

"இல்ல. அதான் பார்த்தேன்."

"அதான் பார்த்தேன்னா என்ன அர்த்தம்?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப நேத்து நான் செஞ்சது?"

அக்காஸ் இன்னொரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டான். வாயில் சோறு இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவன் கண்டுபிடிப்பு.

கோஹினூர் துவையல் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். அவன் ஏமாற்றத்துடன் கிண்ணத்தைப் பார்த்தான். அதையும் அவள் பார்த்தாள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று அவளுக்கே தெரியும். பெரிய விஷயம் வேறு. லைன் சூப்பர்வைசர் ஹெலால் பாய் புதுக் கட்டடத்துக்கு மாறிப் போகிறார். அவர் இடத்தில் இந்த முறை ஒரு பெண்ணை வைக்கப் போகிறார்களாம். சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தைக்கிறதெல்லாம் பெண்கள், கத்துறதெல்லாம் ஆண்களா என்று கேட்டுவிட்டுப் போனதன் விளைவு. சூப்பர்வைசருக்கு நீல ஏப்ரன். நாள் முழுக்க ஸ்டூலில் குனிந்திருக்க வேண்டாம். நிற்கலாம், நடக்கலாம். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கோஹினூருக்கு அந்த ஏப்ரன் வேண்டும். மொர்ஷெதா வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவள் அந்த லைனில் இருக்கிறாள். ஆனால் மொட்டை மாடியில் சாப்பிட உட்காரும்போது பெண்கள் சொல்வது ஒரே பெயர்தான்.

"மொர்ஷெதா வந்தா நமக்கெல்லாம் கொண்டாட்டம்," என்பாள் பியாரா. "பாத்ரூமுக்குப் போக கைய தூக்க வேண்டாம்."

"என்னை எதுக்கு இழுக்குறீங்க? கோஹினூர் ஆபா இருக்காங்களே," என்பாள் மொர்ஷெதா. அக்கா என்பதற்கு அங்கே ஆபா.

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பொய் இருக்காது. கோஹினூர் உற்றுப் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் பொய் இருந்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

*

புது மாடல் சட்டை லைனில் ஏறினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கடிகாரம் வரும்.

கடிகாரம் என்றால் லுப்னா மேடம். பல்கலைக்கழகத்தில் படித்து வந்த சின்னப் பெண். குரலே எழும்பாது. கையில் ஸ்டாப் வாட்ச்சும் அட்டையுமாக ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் வந்து நிற்பார். யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார், கையை மட்டும் பார்ப்பார். ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வார். அதை வைத்துத்தான் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள்.

அதனால் கடிகாரம் வந்தால் லைன் மெதுவாகும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் மிஷின்காரி கத்தரிக்கோலால் மேஜையை லேசாகத் தட்டுவாள். அந்தத் தட்டல் கடைசி மிஷின் வரை போய்ச் சேரும். உடனே நூல் அறுந்துபோகும். பாபின் தீர்ந்துபோகும். இருமல் வரும். துணியை எடுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, நடுக்குறி சரியாக இருக்கிறதா என்று கணவனைச் சந்தேகப்படுவதுபோல் சந்தேகப்படுவார்கள்.

கோஹினூருக்கு இது கம்பெனியில் கற்றது இல்லை. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கண்டெய்னர்கள் வருவதற்கு முன், கோதுமையும் அரிசியும் மனிதர்களின் முதுகில் கப்பலிலிருந்து இறங்கிய காலம். எண்ணுகிற ஆள் வந்து நின்றால் மொத்தக் கூட்டமும் முட்டி வலிக்கிற மாதிரி நடக்கும். ஒருநாள் ஒருத்தன் மட்டும் கூலிகளை மேய்க்கும் சர்தாரிடம் பெயர் வாங்குவதற்காக மூட்டையோடு ஓடிக் காட்டினான். மறுநாளிலிருந்து எல்லாரும் ஓட வேண்டியதாயிற்று. அவனுக்கு 'குதிரை' என்று பெயர் வைத்தார்கள். செத்தபோதும் குதிரை செத்துட்டான் என்றுதான் சொன்னார்களாம். இந்தக் கதையை மாடியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சொன்னவள் கோஹினூர்தான். பியாராவுக்குச் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறிவிட்டது.

அன்று கடிகாரம் முதலில் மொர்ஷெதாவுக்குப் பின்னால் நின்றது.

மொர்ஷெதா மெதுவாகத் தைத்தாள். அவள் மெதுவாகத் தைப்பதிலும் ஒரு அழகு இருந்தது. நூல் அறவில்லை, இருமவில்லை. ஒரு குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி காலரை வளைவில் உட்கார வைத்தாள். இதைப் பார்த்தால் இந்த வேலைக்கு இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று யாரும் நம்புவார்கள்.

அப்போது மேனேஜர் வந்தார். கூடவே ஹெலால் பாய்.

"இதுதான் மொர்ஷெதாவா? பேரு அடிபடுதே," என்றார் மேனேஜர்.

"ஆமா சார். நல்ல கை."

"பக்கத்துல யாரு?"

"அது கோஹினூர் சார். பழைய ஆள்."

பழைய ஆள். பழைய மிஷினை எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிற குரல். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லுப்னா மேடம் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நகர்ந்து கோஹினூருக்குப் பின்னால் வந்தார்.

கோஹினூர் புது பண்டலை அவிழ்த்தாள்.

யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. கால் பெடலை மிதித்தது. இடது கை துணியைக் கொடுக்க, வலது கை காலரை வளைக்க, ஊசி நிற்காமல் ஓடியது. பீஸ் முடிவதற்கு முன்பே அடுத்த பீஸ் விரலுக்கு வந்தது. நூல் கத்தரிக்கும் நேரம்கூடத் தனியாக ஆகவில்லை. எங்கோ கத்தரிக்கோல் தட்டும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை, பலமாகக் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. தன் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று அவளுக்கே தெரியாது. பண்டல் முடிந்தபோது மேனேஜர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"கோஹினூர் சார்."

லுப்னா மேடம் அடுக்கிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

கோஹினூர் நிமிர்ந்தாள். லைனில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. மொர்ஷெதா மட்டும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

*

அந்த வாரக் கடைசியில் டார்கெட் பலகையில் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினார்கள். பியாரா அதைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

சட்டையின் எல்லாத் துண்டுகளும் காலர் வழியாகத்தான் போக வேண்டும். காலர் வேகமானால் கை வைப்பவள், பட்டன் வைப்பவள், ஓரம் மடிப்பவள் எல்லாரும் வேகமாக வேண்டும். ஆகாவிட்டால் சங்கு ஊதின பிறகும் உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டும். அது ஓவர்டைம் கணக்கில் வராது.

அதே நாளில் மேனேஜர் கோஹினூரைக் கூப்பிட்டு நீல ஏப்ரன் கொடுத்தார். முடியும் என்று காட்டியவள்தான் முடிக்க வைக்கவும் வேண்டும் என்றார்.

ஏப்ரன் மடிப்புக் கலையாமல் இருந்தது. கழிவறைக் கண்ணாடியில் பார்த்துக் கட்டிக்கொண்டாள். நன்றாகவே இருந்தது. அவள் லைனுக்குள் நடந்து வந்தபோது பியாரா உரக்கச் சொன்னாள்:

"வழி விடுங்கடி. குதிரை வந்தாச்சு."

யாரோ நாக்கைச் சப்புக் கொட்டி குதிரை நடை சத்தம் போட்டார்கள். லைன் முழுக்கச் சிரித்தது.

"சும்மா இருங்கடி," என்றாள் மொர்ஷெதா.

சிரிப்பு நின்றது. உடனே நின்றது. கோஹினூரின் உடம்பு எரிந்தது. ஏப்ரன் தன் மேல் இருக்கிறது, லைன் மொர்ஷெதா சொல்வதைக் கேட்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஒரே கதைதான். கோஹினூர் பலகையில் எண்ணிக்கையை எழுதுவாள். எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும். அவள் விட்டுவந்த மிஷினில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குக் காலர் எந்தப் பக்கம் மேல் என்பதே சந்தேகம். மொர்ஷெதா தன் பீஸையும் தைத்து, அந்தப் பெண்ணின் கோணல்களையும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கைய வேகமாப் போடுங்க," என்று கோஹினூர் கத்துவாள்.

"நீ தைச்சுக் காட்டேன், பார்ப்போம்," என்பாள் பியாரா. "ஒரு பண்டல் இல்ல. காலைலேருந்து ராத்திரி வரைக்கும்."

கோஹினூரால் முடியாது. யாராலும் முடியாது. அது ஒரு பண்டலுக்கான வேகம்.

சந்தில் அவளோடு சண்டை போடுவதற்குக்கூட யாரும் வரவில்லை. அடுப்பு வரிசையில் அவள் சட்டியை வைத்துவிட்டு அறைக்குப் போய் வந்தால், சட்டி கடைசிக்கு நகர்ந்திருக்கும். யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால், பூனை என்பார்கள். சங்குக்குப் பிறகும் தைத்துவிட்டு வரும் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். பியாராவின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. மொர்ஷெதா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி எல்லாருக்கும் கொடுத்தாள். கோஹினூரின் கதவையும் தட்டினாள்.

"ஆபா, எண்ணெய் வேணுமா? நின்னு நின்னு கால் வீங்கியிருக்குமே."

"வேணாம்."

"சாப்பிட்டீங்களா?"

"உனக்கு என் மேல கோபமே வராதாடி?"

மொர்ஷெதா கொஞ்சம் யோசித்தாள். "வந்துச்சு ஆபா. முதல் ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் வேலைல மறந்துபோச்சு."

அவள் போன பிறகு கோஹினூர் கதவைச் சாத்தினாள். குதிரை என்று இவள் ஒருமுறை சொல்லித் தொலைத்தால் என்ன?

அக்காஸ் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க கும்பல்லயும் ஒருத்தன் இருந்தான்," என்றான். "எண்ணறவன் வந்தா ரெண்டு தண்டு சேர்த்து மாட்டுவான்."

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"ஒண்ணும் ஆகல. அவனோட யாரும் டீ குடிக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

"நீ?"

"நானும்தான்," என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

*

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கோஹினூர் டிபனோடு மாடிப்படி ஏறினாள். சூப்பர்வைசர்கள் கீழே கேன்டீனில் சாப்பிடலாம். அங்கே எல்லாரும் ஆண்கள். வங்கதேசத்தில் அடுத்த தேர்தலில் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவளிடம் உப்பைத் தள்ளச் சொல்வதோடு சரி.

மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வெயில். தூரத்தில் கடலில் கப்பல்கள் கரை சேர முறை வருவதற்காக வரிசையில் காத்திருந்தன. ஐந்தாம் லைன் பெண்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மொர்ஷெதா.

"நாளைக்கு எல்லாருமே போவோம்," என்று பியாரா சொல்லிக்கொண்டிருந்தாள். "லுப்னா மேடத்துகிட்ட காலர் டைம திரும்ப எடுக்கச் சொல்லுவோம். நீ பேசு மொர்ஷெதா. நீ பேசினா கேப்பாங்க."

"நான் என்னன்னு பேசறது?"

"அந்தப் பண்டல் மனுஷி தைக்கிற வேகம் இல்லன்னு சொல்லு."

"ஆபாவ விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். டைம் மட்டும் கேக்கறேன்."

"சரி, உன் இஷ்டம். நீ முன்னாடி நட. நாங்க பின்னாடி வர்றோம்."

கோஹினூர் படியிலேயே நின்றாள். அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. நாளைக்கு மொர்ஷெதா முன்னால் நடப்பாள். அவளுக்குப் பின்னால் மொத்த லைனும். மேடத்தின் அறைக்குள் போய்த் தன் மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை பேசுவாள். டார்கெட் இறங்கும். அவள் வெளியே வரும்போது கட்டிப்பிடிப்பார்கள். அப்புறம் எத்தனை வருடம் ஆனாலும், புதுப் பெண்கள் வரும்போதெல்லாம், இந்தக் கதையைச் சொல்வார்கள். கதையில் ஒரு குதிரையும் இருக்கும்.

அவள் திரும்பிப் படியிறங்கினாள். மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. டிபனைப் படிக்கட்டிலேயே எங்கோ வைத்துவிட்டாள். லுப்னா மேடத்தின் அறைக் கதவை ஒரே தட்டாகத் தட்டித் திறந்தாள்.

லுப்னா மேடம் தனியாக உட்கார்ந்து பேலா பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டதில் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"மேடம், காலர் டைம் தப்பு. திரும்ப எடுக்கணும்."

"நீங்க தைச்சதுதானே அது?"

"நான் தைச்சதுதான் மேடம். அதான் தப்புன்னு சொல்றேன். அன்னைக்குப் பண்டல் பூரா வளைவுல சுருக்கம் விழுந்துடுச்சு. நீங்க போனப்புறம் யாருக்கும் தெரியாம பிரிச்சு, திரும்பத் தைச்சுத்தான் அனுப்பினேன்."

அது பொய். அந்தப் பண்டலில் ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே நல்ல பண்டல் அது.

லுப்னா மேடம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் ரெண்டு பீஸ் எடுத்துப் பார்த்தேனே. ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. அந்த வேகத்துல அவ்வளவு சுத்தமா யாரும் தைச்சு நான் பார்த்ததே இல்ல. உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, விட்டுட்டேன்."

இத்தனை வருடத்தில் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். இந்த அறையில், வேறு யாரும் கேட்காமல், ஊறிப்போன பிஸ்கட்டுக்கு முன்னால்.

"நீங்க பார்த்தது மேல இருந்த ரெண்டு மேடம். அடியில இருந்ததெல்லாம் குப்பை."

லுப்னா மேடம் கரண்டியால் டீயைக் கிளறினார். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை.

"இத நான் எழுதினா மேனேஜர் சார் உங்களத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும்."

"ஏப்ரன வாங்கிடுவாரு."

கோஹினூர் ஏப்ரனைப் பார்த்தாள். அதன் மடிப்பு இப்போது கலைந்துதான் இருந்தது. நாளை மாடியிலிருந்து அந்தக் கூட்டம் இறங்கி வரும்போது இதைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

"இன்னைக்கே எழுதிடுங்க மேடம். நாளைக்கு வேணாம்."

"சரி. இந்த முறை யார வச்சு டைம் எடுக்கட்டும்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. புதுப் பெண்ணை வைத்து எடுக்க முடியாது. லைனில் காலர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தன் வேலை குப்பை என்று அவள் இப்போதுதான் சொல்லி முடித்தாள்.

"மொர்ஷெதாவ," என்றாள்.

*

மேனேஜர் அதிகம் பேசவில்லை. "பிரிச்சுத் தைக்கிறவள சூப்பர்வைசர் ஆக்கியிருக்கேன் பாரு," என்று புதுக் கட்டடத்திலிருந்து ஹெலால் பாயைக் கூப்பிட்டுத்தான் திட்டினார். பெண்களை வைத்துப் பார்த்தாயிற்று என்று வேறு மாடியிலிருந்து ஷம்சுல் என்பவரைக் கொண்டுவந்தார். அவருக்கு மீசையும் சத்தமும் இருந்தன. மொர்ஷெதாவைக் கூப்பிடவில்லை. அது தெரிந்தபோது கோஹினூருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டாள்.

காலர் டைமைத் திரும்ப எடுத்தார்கள். எண் இறங்கியது. பழைய எண்ணுக்கு வரவில்லை, ஆனால் சங்குக்கு எழுந்து போக முடிந்தது.

பியாரா மாடியில் மொர்ஷெதாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உன் பேரு போனதுமே பயந்துட்டாங்கடி."

"என் பேரு எங்க போச்சு? நாம போறதுக்கு முன்னாடியே ஆபா போய்ட்டாங்க. தன் பீஸ் குப்பைன்னு அவங்களே சொன்னாங்களாம். ஏப்ரனும் போச்சு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோஹினூர் தொட்டியின் மறுபக்கம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த நல்ல பெயரையும் இவள் கையால்தான் வாங்க வேண்டுமா?

கொஞ்ச நேரம் கழித்து பியாரா ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"குடி, குதிரை," என்றாள். "ஆறிடும்."

பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்று சாயங்காலம் அவள் சட்டியைப் பூனை நகர்த்தவில்லை.

பழைய மிஷினில் உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் ஆனது. பக்கத்தில் மொர்ஷெதா. ஷம்சுல் பாய் லைனின் அந்தக் கோடியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மொர்ஷெதா தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"ஆபா, நீங்க அந்தப் பண்டல பிரிக்கவே இல்ல. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"வேலையப் பாரு."

"அந்த மாதிரி என்னால தைக்க முடியாது ஆபா. நான் வீட்டுல வந்து கையால செஞ்சுகூடப் பார்த்தேன். எந்த விரல் எங்க போச்சுன்னே புரியல."

இதைக் கேட்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டதும் சந்தோஷம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். உன்னைப்போல் என்னால் முடியாது என்று கோஹினூரால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. அதுவும் இவளுக்கு வருகிறது.

"முடியாதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் கோஹினூர். "தைச்சுப் பாரு."

"இப்பவா?"

"கடிகாரம் இல்ல. மீசை அந்தக் கோடியில இருக்கு."

மொர்ஷெதா ஒரு பண்டலை அவிழ்த்தாள். கோஹினூரும் அவிழ்த்தாள். இரண்டு பெடல்களும் ஒன்றாக மிதிபட்டன. பேச்சில்லை. மொர்ஷெதாவின் முழங்கை கோஹினூரின் கண்ணோரத்தில் வந்து வந்து போனது. அவள் நெற்றியில் வியர்வை. கோஹினூர் அவளுக்கு வியர்த்துப் பார்த்ததே இல்லை. முடித்த சட்டைகளைப் பெட்டியில் போட்டால் எண்ணிக்கை ஏறிவிடும், ஏறினால் பலகையில் தெரிந்துவிடும். அதனால் இருவரும் அவற்றை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார்கள். அடுத்த மணிக்குக் கொஞ்சம், அதற்கடுத்த மணிக்குக் கொஞ்சம் என்று வெளியே விட்டுக்கொள்ளலாம். முன்னால் இருந்த பியாரா திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்கடி, ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல வயிறு தள்ளிருச்சு?"

மொர்ஷெதா சிரித்துவிட்டாள். கை நின்றது. கோஹினூரின் பண்டல் முடிந்தது. துப்பட்டாவை லேசாக விலக்கிப் பார்த்தார்கள். கோஹினூரின் மடிதான் உயரமாக இருந்தது. நன்றாகத் தெரிகிற உயரம்.

"பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல," என்றாள் மொர்ஷெதா.

கோஹினூர் சிரிக்கப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். கடைசிச் சில பீஸ்களில் மொர்ஷெதாவின் முழங்கை கொஞ்சம் தாமதமாக வந்ததா? சிரிப்பினால்தான் நின்றதா, அதற்கு முன்பே அவளாக நிறுத்தினாளா?

மொர்ஷெதா நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சங்கு ஊதும்வரை கோஹினூர் தன் ஊசியைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தாள்.